உள்குடாவில் வெள்ளை விழவில்லை

வள்ளி, என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதனால் கிட்டங்கியில் மூட்டை எடைபோடும் மேசைமேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இன்று மத்தியானம் யாங்கோனில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து உன் அம்மாவின் வாய் மூடவில்லை. நாற்பது நாள் முடிந்துவிட்டது, ஒரு கிளையில்கூட வெள்ளை விழவில்லை என்று முக்குக் கடைக்காரரிடம் சொன்னேன். போட்டாதாங் படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவரிடம் சொன்னேன். நம் மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டு டோ மியாவிடம், "எல்லாம் நல்லா தளதளன்னு வளந்திருக்கு, ஒரு குறையும் இல்லை" என்று சொன்னேன். அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, "கல்யாணத்துக்கு முன்னாலயேவா?" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டார். நான் கடற்பாசியைச் சொல்கிறேன் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உன் அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

போனில் சொல்வதை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். நீ பர்மிய எழுத்தைப் பறந்து பறந்து படிப்பாய், பாதியை விட்டுவிடுவாய். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைக் காதைப் பிடித்து இழுத்துப்போய்க் கோயில் வகுப்பில் உட்காரவைத்தேனே, அந்தப் படிப்பு அவ்வளவுதான் ஏறியது. இந்தக் கடிதத்தை நீ மெதுவாகப் படிக்க வேண்டும், ஒரு வரியையும் தாண்டக் கூடாது. அதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். நாளைக் காலை பஸ் டிரைவரிடம் உன் கூறைப்புடவைப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். புடவையை அப்புறம் பிரி. மார்கழி பிறப்பதற்குள் கல்யாணம் என்று நாள் குறித்தாகிவிட்டது, இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதற்குள் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்பது நாளைக்கு முன்னால் நாம் போட்ட சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தெற்குத் தீவுகளிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி வந்த விதைப்பாசியை நான் பார்த்தேன். தடித்த கிளை, நல்ல பழுப்பு நிறம், கிள்ளினால் கேரட்டைப்போல மொறுக்கென்று உடைந்தது. என் மகள் வாழப்போகிற ஊரில் வீட்டுக்கு ஒரு கட்டுக் கொடுத்துவிடலாம், கல்யாணச் சீராகவும் இருக்கும் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ ஒரே பேச்சாக, "முடியாதும்மா. நாப்பது நாள் தனியா கட்டி வெச்சுப் பாத்துட்டுத்தான் யாருக்கும் குடுப்பேன்" என்றாய். "ஏன்டீ, என் பாசி என்ன வயசுக்கு வந்த பொண்ணா, ஓலை கட்டி ஒதுக்கிவைக்க?" என்று கத்தினேன். அதற்கும் நீ அசையவில்லை. "நாலு நாள் படிச்ச திமிரு" என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனை வைத்தேன். இன்று சொல்கிறேன், நீ செய்தது சரி. நான் கத்தியதற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. தனியாக வைத்துப் பார்ப்பது என்று நீ சொன்னாயே, ஆறு வருடத்துக்கு முன்னால் நான் செய்யாமல் விட்ட காரியம் அதுதான்.

மாப்பிள்ளை கோ மின் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார், அவர் வீட்டாரும் கேட்பார்கள், நீதான் பர்மிய மொழியில் சொல்லப்போகிறாய். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். என் அப்பாவின் கருவாட்டுக் கடையைத்தான் நான் பாசிக் கிட்டங்கியாக மாற்றினேன். காய்ந்த பாசியை வாங்கி, கல்லும் மண்ணும் பொறுக்கி, அமுக்கிக் கட்டிக் கப்பலுக்கு அனுப்புவேன். பற்பசையும் ஐஸ்கிரீமும் குழகுழவென்று நிற்பதற்கு இதிலிருந்து எடுக்கும் பொடிதான் காரணம் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடை கடையாகப் பற்பசைக் குழாயைத் தூக்கிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பிறகு வாங்கி விற்பது போதாது, வளர்க்கவும் வேண்டும் என்று ஆசை வந்தது. பத்தேயினுக்கு அந்தப் பக்கம் நீ இப்போது நிற்கிற கரையில் கயிறு கட்டினோம். இந்தப் பாசிக்கு விதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு சாண் கிளையை ஒடித்துக் கயிற்றில் கட்டி, காலிப் புட்டிகளை மிதவையாகக் கோத்து, மூங்கில் கழிகளுக்கு நடுவே கடலில் விட்டால் ஒன்றரை மாதத்தில் குலைகுலையாகத் தொங்கும். நல்ல கிளைகளை அடுத்த தடவைக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைக் காயப்போட வேண்டும். அம்மா பாசியின் உடம்பே பிள்ளைப் பாசிக்குப் போகிறது. உடம்பு போகும்போது நோயும் கூடவே போகும். இந்த ஒரு வரியை நான் நெஞ்சில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில்தான் பாசிக்காரர்களுக்குப் பயம். ஆற்று வெள்ளம் கலங்கலாக வந்து விழுந்து கடலின் உப்பைக் குறைத்துவிடும், பாசி அந்தத் தண்ணீரில் கரைந்தே போகும். கரை ஓரத்தில் எல்லாருடைய பாசியும் போய்விடும். எங்காவது தீவுக்குப் பின்னால், ஆற்றுத் தண்ணீர் எட்டாத இடத்தில் கொஞ்சம் ஒளித்துவைத்தவர்தான் அக்டோபரில் ராஜா. அந்த வருடம் அந்த ராஜா நான்தான். உன் அப்பாவும் நானும் சின்னத் தீவின் மறுபக்கத்தில் கட்டிவைத்த விதைப்பாசி மழையைத் தாண்டிவிட்டது. ஊரில் வேறு யாரிடமும் ஒரு கிளை இல்லை. விளக்குத் திருவிழா முடிந்து, பிக்குகளுக்குத் துவராடை கொடுக்கும் மாதம் அது. நம் ஊரில் அந்த மாதம் ‘அலூ, அலூ’, அதாவது தானம், தானம் என்று மைக் அலறாத நாள் ஏது? எனக்கும் ஆசை வந்தது. கரையில் பாசி கட்டும் பதினோரு வீட்டுக்கும் வீட்டுக்கு ஒரு கட்டு விதைப்பாசி தானம் என்று ஒலிபெருக்கியில் சொல்லவைத்தேன். என் பெயரையும் உன் அப்பா பெயரையும் உன் பெயரையும் மூன்று தடவை வாசித்தார்கள். நீ அப்போது மொலமைனில் விடுதியில் இருந்து கடலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாய். உன் பெயர் கடற்கரை முழுக்கக் கேட்டபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் கொடுக்க வேண்டும். அன்று சாயங்காலம் பாசியைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து கரையில் கட்டுக்கட்டாகப் பிரிக்கும்போதுதான் உன் அப்பா ஒரு கிளையைத் தூக்கிப் பிடித்தார். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. சாயம் போன துணியைப் போல இருந்தது. தொட்டால் கொழகொழவென்று அறுந்து விழுந்தது. இன்னொன்றைப் பார்த்தோம், அதிலும் இருந்தது. சில கிளைகளில் மெல்லிய கறுப்பு முடியைப் போலக் களைப்பாசி வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. நூற்றில் ஐந்தாறு இருக்கும், அதற்குமேல் இல்லை. உன் அப்பா தனக்குத் தெரிந்த தமிழில், "இது குடுக்காதே. சீக்கு இருக்கு" என்றார்.

"மைக்குல சொல்லியாச்சே" என்றேன்.

"மைக்ல சொன்னா என்ன? இன்னொரு தடவ மைக்ல சொல்லு. பாசிக்கு உடம்பு சரியில்ல, பிறகு தர்றோம்னு சொல்லு."

எவ்வளவு சுலபமான வழி! எனக்கு அது தோன்றவில்லை, அவர் சொன்ன பிறகும் ஏறவில்லை. சொன்ன தானத்தைத் திரும்ப வாங்குவதா, நாளைக்கு இந்தக் கரையில் எப்படி நடப்பது, கலப்புக் குடும்பம் என்று ஏற்கெனவே ஒரு மாதிரி பார்க்கிறார்கள், இதையும் சேர்த்துப் பேசமாட்டார்களா என்றெல்லாம் மனசு ஓடியது. கத்தரிக்கோலை எடுத்தேன். வெள்ளை இருந்த இடத்தையெல்லாம் வெட்டி வெட்டிக் கடலில் போட்டேன். கறுப்பு முடியை விரலால் உருவினேன். பார்வைக்குச் சுத்தமானதும் கட்டிவைத்தேன். உன் அப்பா எழுந்து படகைக் கழுவப் போய்விட்டார். மறுநாள் பதினோரு வீட்டுக்காரர்களும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நானும் சிரித்த முகமாக நின்றேன்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த வருடம் மழை போயும் போகாமல் இழுத்தது, காற்று நின்றுவிட்டது, எல்லாரும் கயிறு கட்டியிருந்த உள்குடாத் தண்ணீர் குளித்து முடித்த தொட்டித் தண்ணீரைப் போல அசையாமல் சூடாகக் கிடந்தது. ஒரு நாள் காலையில் கயிற்றைத் தூக்கினால் எல்லாம் வெள்ளை. பக்கத்துக் கயிறும் வெள்ளை, அதற்கடுத்த வீட்டுக் கயிறும் வெள்ளை. மத்தியானத்துக்குள் கிளைகள் அறுந்து கரையில் ஒதுங்கி நாற ஆரம்பித்துவிட்டன. பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று வெறும் கயிற்றைச் சுருட்டினார்கள். தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஆமாம், தண்ணி சுட்டுடுச்சு, ஆத்துத் தண்ணி வேற கலந்துடுச்சு என்று நானும் சொன்னேன், எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். அதில் பாதி உண்மை இருந்தது. சூடும் உப்புக் குறைவும் பாசியைச் சோர்வாக்கின, சோர்ந்த உடம்பில் நான் கொடுத்தனுப்பிய நோய் ஏறி உட்கார்ந்துகொண்டது. முழுப் பொய் சொல்லியிருந்தால் என்றைக்காவது மாட்டிக்கொண்டிருப்பேன். பாதி உண்மை என்பதால் ஆறு வருடம் சாதாரணமாக நடமாட முடிந்தது.

நீ விடுதியிலிருந்து போன் செய்தாய். "அம்மா, விதைப்பாசியில ஏதாச்சும் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்று கேட்டாய். பத்தொன்பது வயசு உனக்கு, குரலில் அவ்வளவு அக்கறை. "ஒண்ணும் இல்லம்மா, கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு" என்று சொன்னேன். உன் அப்பா பக்கத்தில்தான் நின்றார். வள்ளி, உன்னிடம் நான் எத்தனையோ சின்னச் சின்னப் பொய் சொல்லியிருக்கிறேன். உன் பூனை ஓடிப்போனது என்றேனே, அது செத்துத்தான் போனது. ஆனால் நீ தொழிலாக எடுத்துக்கொண்ட விஷயத்தில், உண்மை தெரிந்தே தீர வேண்டிய விஷயத்தில், உன்னை ஏமாற்றியது அந்த ஒரு தடவைதான். அது எனக்கு உறுத்தாத நாள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். படகு எஞ்சினை விற்றுவிட்டு ஊ சான் இங்கே போட்டாதாங்குக்குச் சுமை தூக்க வந்தார். உன் மாமனாராகப் போகிற அதே ஊ சான்தான். கூடவே மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பனும் பிள்ளையும் நம் கிட்டங்கி வாசல் வழியாக மூட்டையோடு போவதை நான் உள்ளே இருந்து பார்ப்பேன். கூப்பிட்டு டீ கொடுப்பேன், சில நாள் சோறும் போடுவேன். "எவ்வளவு நல்ல மனசு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எழுந்து மூட்டைகளை எண்ணப் போய்விடுவேன். விடுமுறைக்கு வந்த நீ அந்தப் பையனிடம் கயிறு கட்டும் முடிச்சுக் கற்றுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தாய். மூட்டை இறக்க அரை மணி, முடிச்சுக் கற்க மூன்று மணி. எனக்கா தெரியாது? கண்டும் காணாமல் இருந்தேன். நடுவில் ஊரும் உலகமும் பட்ட பாட்டில் யார் யாரோ எங்கெங்கோ போனார்கள். ஊ சான் மறுபடி கரைக்கே போனார். படிப்பை முடித்து நீயும் அங்கேயே போய் நின்றாய். யாங்கோனில் இல்லாத கடலா என்று கேட்டதற்கு, இங்கே இருப்பது ஆறு என்று திருத்தினாய்.

ஊர்க்காரர்கள் மறுபடி பாசி கட்டினார்கள், ஆனால் உள்குடாவில் இல்லை. அந்தத் தண்ணீர் கெட்ட தண்ணீர் என்று முடிவாகிவிட்டது. அலை அடிக்கிற வெளிமுனையில் போய்க் கட்டினார்கள். போன வருடம் டிசம்பரில் அங்கேதான் அலை படகைப் புரட்டி, கோ மின்னின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நீ போனில் அழுதபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாமிக்கு வேண்டிக்கோ" என்று சொன்னேன். காற்றுக்கு மறைவாக, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நல்ல குடா சும்மா கிடக்கிறது, அது சும்மா கிடப்பதற்கு என் வாய்தான் காரணம் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் கயிறு கட்டப்போவது வெளிமுனையில்தான் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண வேலை என்று எல்லாரிடமும் சமாளித்தேன்.

இப்போது இந்த நாற்பது நாளுக்கு வருகிறேன். தனியாகக் கட்டிவைக்க யாருடைய கயிறும் பக்கத்தில் இல்லாத இடம் வேண்டும் என்று நீ தேடினாய். உள்குடாதான் காலியாக இருந்தது. சோதனைக்குத்தானே, போனால் போகட்டும் என்று அங்கேயே கட்டினாய். தினமும் இரண்டு வேளை தண்ணீரில் சூடு பார்த்தாய், உப்புப் பார்த்தாய், கிளை கிளையாகக் கையில் எடுத்துப் பார்த்தாய். முந்தாநாள் என்னைப் படகில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாயே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நீ கயிற்றைத் தூக்கினாய். அப்பா! சிறு பிள்ளையைத் தூக்கும் பாரம். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு புதர், நுனியெல்லாம் பளபளவென்று, எங்கேயும் ஒரு பொட்டு வெள்ளை இல்லை, முடி இல்லை. ஒரே ஒரு இடத்தில் மீன் கடித்த தடம், அவ்வளவுதான். நான் படகில் எழுந்து குதித்தேன். "அம்மா, கவுத்திடுவே" என்று கத்தினாய். ஐம்பத்தெட்டு வயசில் குதிக்கிற மாதிரி ஒரு நல்ல செய்தி கிடைத்தால் குதிக்காமல் என்ன செய்வது?

பிறகு நீ கயிற்றை மெதுவாக இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாய். "ஆனா ஒண்ணு புரியலம்மா. இதே தண்ணிதானே அன்னிக்குக் கெட்டுச்சு? இந்த வருசமும் மொத ரெண்டு வாரம் சூடாத்தான் இருந்துச்சு, உப்பும் கம்மிதான். விதைப்பாசியும் அன்னிக்குச் சுத்தம்னா, அப்ப எப்படி அத்தனையும் ஒண்ணா செத்துச்சு?" என்று கேட்டாய். உன் முகத்தில் சந்தேகம் இல்லை. கணக்கு இடிக்கிறது, உனக்கு விடை வேண்டும், அவ்வளவுதான். நான், "பசிக்குது, கரைக்குப் போ" என்றேன். நீயும் துடுப்பை எடுத்துக்கொண்டாய். வள்ளி, உன் கேள்விக்கு விடை இதுதான். அன்று விதைப்பாசி சுத்தமாக இல்லை. எனக்குத் தெரிந்தே கொடுத்தேன்.

உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் கெட்டுப்போனது ஊ சானின் பாசி, முறிந்தது அவர் மகனின் எலும்பு. அதனால் இன்று காலையில் அவரிடம் சொல்லிவிட்டேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் மணலில் உட்கார்ந்து பழைய கயிற்றில் சிப்பி சுரண்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, கத்தரிக்கோல், மைக், உன் அப்பா சொன்னது, நான் கேட்காதது, பிறகு தண்ணீர்மேல் பழி போட்டது, ஒன்று விடாமல் சொன்னேன். கல்யாணத்தை நிறுத்தச் சொன்னாலும் அவருக்கு நியாயம் இருக்கிறது என்று சொன்னேன், பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம், என்னைக் கல்யாணத்துக்கு வராதே என்று சொன்னால் வராமல் இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அவர் பர்மிய மொழியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "நான் அன்னிக்கே பாத்தேன். வீட்டுல கட்டைப் பிரிச்சப்ப அடியில ரெண்டு கிளை வெள்ளையா இருந்துச்சு. நீங்க வெட்டாம விட்டது. தானமா வந்ததைத் திருப்பிக் குடுத்தா உங்க மனசு என்ன பாடுபடும்னு நெனச்சேன். ஆனாடெ. அந்த ரெண்டையும் பிச்சுப் போட்டுட்டு மத்ததைக் கட்டிட்டேன். என் கயித்துலதான் மொதல்ல வெள்ளை வந்துச்சு. ஊரு முழுக்கப் பரப்புனது நான்தான்னு இத்தனை வருசமும் நெனச்சுட்டு இருக்கேன். தண்ணி கெட்டுடுச்சுன்னு மொதல்ல சொன்னதும் நான்தான்."

உன் அப்பா வீட்டுப் பேச்சில் அந்த ‘ஆனாடெ’யை நீ ஒரு நாளில் நூறு தடவை கேட்டு வளர்ந்தவள். அடுத்தவர் முகம் வாடுமே, அவருக்குச் சங்கடமாகுமே என்று நாமே நம் வாயைக் கட்டிக்கொள்வது. நல்ல குணம்தான், அந்தக் குணத்துக்காகத்தான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு வருடம் நான் வீம்பினால் வாயை மூடினேன், உன் அப்பா என் மனம் நோகும் என்று மூடினார், ஊ சானும் என் மனம் நோகும் என்று மூடினார். மீதிப் பத்து வீட்டிலும் யார் யார் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினார்களோ தெரியாது. நாங்கள் அவ்வளவு பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் நோய் கயிறு கயிறாகப் போய்க்கொண்டிருந்தது. ஊ சானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. கல்யாணத்தை நிறுத்துவது பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "அப்ப உள்குடாவுல கழி நடலாம், இல்லையா?" என்று கேட்டார். "நீங்க வள்ளியத்தான் கேக்கணும்" என்றேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மூங்கில் வெட்ட அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே இறங்கி ஓடிவர வேண்டும்போல இருந்தது. வழியில் மூன்று இடத்தில் சோதனைக்காரர்கள் எங்களை இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள், மூன்று இடத்திலும் நான் சிரித்தபடி நின்றதைப் பார்த்து அவர்களுக்கே ஒன்றும் புரியவில்லை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எண்ணிவிடவில்லை. சித்திரை வெயிலில் உள்குடா கொதிக்கும், அப்போது அங்கே வைத்திருக்கக் கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். கோடை முன்னைப்போல இல்லை, ஒவ்வொரு வருடமும் இன்னும் சீக்கிரம் வருகிறது. மழையும் தன் இஷ்டத்துக்கு வருகிறது. மறுபடியும் ஒருநாள் வெள்ளை விழும், விழாமல் இருக்காது. அன்றைக்கு உன் கயிற்றில் விழுந்தால் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி நீ சொல்ல வேண்டும். மாமனார் கயிற்றில் விழுந்தால் மாமனார் என்று பார்க்காமல் சொல்ல வேண்டும். கோ மின்னுக்குக் கோபம் வந்தாலும் சொல், அவருக்குத் தோன்றினால் உன்னிடம் சொல்லவிடு. குடித்தனத்திலும் அப்படியே இரு என்று அம்மாக்காரி புத்தி சொல்ல வேண்டிய இடம் இது. சொல்லத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். என்மேல் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். அதை மணமேடைக்கு மறைத்துக் கொண்டுவராதே. இந்தத் தாளை மடித்ததும் போன் செய்து திட்டு, நான் எடுத்துக் கேட்கிறேன்.

விதைப்பாசியை எப்போது யாருக்குக் கொடுப்பது என்பது உன் முடிவு. கல்யாணத்தன்று வேண்டாம், இன்னும் பத்து நாள் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னால் அப்படியே ஆகட்டும், நான் முணுமுணுக்கக்கூட மாட்டேன். கொடுப்பதற்கு முன்னால் மட்டும் பதினோரு வீட்டிலும் இந்தக் கடிதத்தைப் பர்மிய மொழியில் வாசித்துக் காட்டு. பாதியில் நிறுத்தாதே. அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று எந்த வார்த்தையையும் மழுப்பாதே, உன் அப்பாவின் ரத்தம் உன்னிலும் ஓடுகிறது, எனக்குத் தெரியும்.

இன்று உன் பெட்டியை அடுக்கும்போது உன் காலேஜ் நோட்டு ஒன்று கிடைத்தது. நீ எழுதும் பர்மிய எழுத்து எனக்குப் படிக்கச் சிரமம்தான், ஆனாலும் உள்குடா என்ற பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன். அன்று என்னென்ன நடந்தது என்று வரிசையாகக் குறித்திருக்கிறாய். தண்ணீர்ச் சூடு என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி, உப்பு என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி, காற்று என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. விதைப்பாசி சுத்தம் என்ற வரியில் மட்டும் கேள்விக்குறி இல்லை. பக்கத்தில் ‘அம்மா பார்த்தாள்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த நோட்டையும் இத்தோடு அனுப்புகிறேன். அந்த வரியை நீயே உன் கையால் அடித்துவிடு.

அம்மா